எண்ணெய்க் கறை இல்லாத சட்டை

இருபத்தாறு வருடமாக ஒரே ஆளின் சட்டையைத் துவைத்தவளுக்கு, அந்தச் சட்டையில் கறை நின்றுபோனது தெரியாமல் இருக்குமா?

அதிலும் அவளுடைய பிழைப்பே கறை பார்ப்பதுதான். கடைத்தெருவில் ஒரு சலவைக்கடையின் கவுண்டரில் பதினான்கு வருடமாக நிற்கிறாள். துணி வந்ததும் மேசையில் விரித்துப் போட்டு, பாக்கெட்டுகளைத் துழாவி, கறை உள்ள இடத்தில் சின்னச் சீட்டு ஒன்றை ஊக்கால் குத்திவைக்க வேண்டும். இது காபி, இது மை, இது உதட்டுச்சாயம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். அந்தக் கறைக்குச் சொந்தக்காரர் அடுத்து என்ன பொய் சொல்லப் போகிறார் என்பதுகூடப் பல சமயம் அவளுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

கணவருக்குக் கடைசல் பட்டறையில் வேலை. லேத்தில் இரும்பைச் சீவி, மயிரிழை பிசகாமல் அளவுக்குக் கொண்டுவருவதில் பேர் வாங்கியவர். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு மைக்ரான் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவளுடைய அண்ணன்தான். "என் மாப்பிள்ளை கை பட்டா இரும்பு வெண்ணெய் மாதிரி வழியும்" என்று அவர் போகிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொள்வார்.

அப்படிப்பட்ட ஆளின் சட்டையில் எண்ணெய் இல்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வாரக்கணக்காக இல்லை.

கேட்டதற்கு, "புது மிஷின் வந்திருக்கு. எல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்குது. எண்ணெய் தெறிக்காம மூடி போட்டிருக்கான்" என்றார். சரி, காலம் மாறுகிறது என்று விட்டுவிட்டாள்.

பிறகு நகம். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய நகக்கண்களில் ஒரு கறுப்புக் கோடு உண்டு. மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் அரைமணி நேரம் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தும் அது போகவில்லை. இப்போது அது போய்விட்டது. நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டு, பிறந்த குழந்தையின் நகம் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தன. சாப்பிடும்போது அந்தக் கையைப் பார்த்தால் வேறு யாரோ தட்டில் கை வைத்திருப்பது போல இருந்தது.

காலரில் வெனிலா வாசனை வந்தது. ஒரு நாள் கைமடிப்பில் மாம்பழச் சாறு காய்ந்திருந்தது.

"மதியம் யாரோ பழம் குடுத்தாங்க" என்றார்.

"யாரோன்னா?"

"யாரோதான். எல்லாருக்கும் குடுத்தாங்க."

அந்த 'யாரோ' அவளுக்குள் முள்ளாக இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. மாம்பழக் கறை இரண்டு துவைப்பில் போய்விடும். இது போகவில்லை.

அடுத்த வாரம் அவருடைய கால்சட்டைப் பாக்கெட்டில் கை விட்டபோது நீல நிறத்தில் ஏதோ தட்டுப்பட்டது. பழக்க தோஷம், அவள் எந்தத் துணியையும் பாக்கெட் பார்க்காமல் தண்ணீரில் போடுவதில்லை. விரித்துப் பார்த்தாள். சல்லடைத் துணி போல மெல்லிய ஒரு தொப்பி, ஓரத்தில் எலாஸ்டிக். பெண்கள் முடி நனையாமல் இருக்கக் குளிக்கும்போது போட்டுக்கொள்கிற மாதிரி. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு இருந்த மடிப்பிலேயே மடித்து, இருந்த பாக்கெட்டிலேயே திரும்ப வைத்தாள். மறுநாள் காலையில் அது அங்கே இல்லை. அவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டவளால் மீசையைப் பொறுக்க முடியவில்லை. முப்பது வருட மீசை. ஒரு திங்கட்கிழமை காலை குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு அது இல்லாமல் வெளியே வந்தார்.

"மேல் உதட்டுல ரொம்ப வேர்க்குது. வெயில் காலம்தானே" என்றார், அவள் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே.

அதை அண்ணியிடம் சொன்னதுதான் அவள் செய்த முதல் தப்பு. அண்ணனின் மனைவி நல்லவள்தான். ஆனால் அவள் காதில் விழுந்த விஷயம் விழுந்த அளவிலேயே இருக்காது, ஊறிப் பெருகும்.

"பாப்பா, நான் ஒண்ணும் சொல்லலை" என்று அண்ணி போனில் ஆரம்பித்தாள். ஐம்பது வயதிலும் அண்ணன் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பேர். "ஆனா ஐம்பத்திநாலு வயசுல ஒரு ஆம்பளை மீசையை எடுக்கறான்னா, அது வேர்வைக்காக இல்லை. வெனிலா வாசனைன்னு வேற சொல்றே. அது ஒரு மாதிரி சென்ட் இருக்கு, சின்ன வயசுப் பொண்ணுங்க போடுவாங்க. நான் ஒண்ணும் சொல்லலை."

ஒன்றும் சொல்லாமலேயே அண்ணி முக்கால் மணி நேரம் பேசினாள்.

வியாழக்கிழமை அவளுக்குக் கடை விடுமுறை. அந்த வியாழக்கிழமை காலை ஆறரைக்கு அவர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டு நிமிடம் கழித்து அவளும் கிளம்பினாள். பஸ்ஸில் முன்வாசல் வழியாக அவர் ஏறினார். கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வாசல் வழியாக இவள் ஏறினாள். தன் சொந்தக் கணவரை ஒரு கம்பிக்குப் பின்னால் நின்று ஒளிந்து பார்ப்பது கேவலமாகத்தான் இருந்தது. இறங்கிவிடலாம் என்று இரண்டு தடவை நினைத்தாள். பட்டறைக்கு இன்னும் மூன்று நிறுத்தம் இருக்கும்போது அவர் இறங்கினார். அதற்குப் பிறகு கேவலம் மறந்துபோயிற்று.

பெரிய கட்டடம் ஒன்றின் பின்பக்கச் சந்து. ஓரமாகப் பழப்பெட்டிகள் அடுக்கியிருந்தன, வேன்கள் வரிசையாக நின்றன. நடுவில் நீலக் கதவு. கதவில் சாய்ந்துகொண்டு இளம்பெண் ஒருத்தி டீ குடித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். அவரைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னாள். அவர் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்த பையனைப் போலத் தலையைச் சொறிந்தார். அவள் சிரித்தாள். பிறகு அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, இடுப்புக்குப் பின்னால் எதையோ கட்டினாள். என்ன கட்டினாள் என்று பார்ப்பதற்குள் ஒரு வேன் குறுக்கே வந்து நின்றுவிட்டது. வேன் நகர்ந்தபோது கதவு மூடியிருந்தது.

மூன்று நிறுத்தம் தள்ளிப் பட்டறைக்கே போய் விசாரித்திருக்கலாம். அவள் போகவில்லை. கண்டதே போதும் என்று நினைத்தாள். அது இரண்டாவது தப்பு.

அன்று சாயங்காலம் அவர் வந்ததும் வழக்கம் போலக் கேட்டாள்: "பட்டறையில இன்னைக்கு என்ன வேலை?"

"ஒரு பம்புக்கு ஷாஃப்ட். லேசுல அளவுக்கு வரலை" என்றார் அவர், கண் இமைக்காமல்.

இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல எப்போது கற்றுக்கொண்டார் என்று யோசித்துக்கொண்டே அவருக்குச் சோறு போட்டாள்.

வருடா வருடம் வெயில் உச்சத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் எல்லாரும் கூடுவது வழக்கம். ஆளுக்கொரு பதார்த்தம் செய்துகொண்டு போக வேண்டும். இந்த வருடம் எதைச் செய்வது என்று அவள் யோசிக்கவே இல்லை. யோசிக்க வேறு விஷயம் இருந்தது. வெள்ளிக்கிழமை அவரே சொன்னார்.

"உங்க அண்ணன் வீட்டுக்கு இனிப்பு நான் செய்யறேன்."

"யாரு, நீங்களா?"

"ஆமா. பழ அடுக்கு. அடுப்புல வேக வெக்கறதெல்லாம் கிடையாது. வெயிலுக்கு ஜில்லுனு இருக்கும்."

சர்க்கரை டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்னமும் கேட்கிற மனிதர் அவர்.

சனிக்கிழமை காலை அவள் எழுந்து வந்தபோது சமையலறைக் குழாயில் ஒரு துணி மூட்டை தொங்கிக்கொண்டிருந்தது. தயிர். தண்ணீரெல்லாம் வடிந்து உள்ளே வெண்ணெய் மாதிரி திரண்டிருந்தது. மத்தியானம் அவர் இரண்டு பை நிறையப் பழங்களும் பிஸ்கட்டும் க்ரீமும், செவ்வகமான ஒரு கண்ணாடிப் பாத்திரமும் வாங்கி வந்தார். அவள் சமையலறை வாசற்படி ஓரமாக ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பட்டாணி உரிக்க ஆரம்பித்தாள். கடைக்கு அன்று லீவு சொல்லியிருந்தாள், பட்டாணி ஒரு சாக்கு. கண்கொத்திப் பாம்பு மாதிரி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கைகளை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவிய கையால் குழாயைத் தொடாமல் முழங்கையால் மூடினார். இது எந்தப் பட்டறையில் சொல்லிக் கொடுத்த பழக்கம்?

பாலை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பிஸ்கட்டை ஒவ்வொன்றாக அதில் முக்கி எடுத்தார். முக்கும்போது உதடு மட்டும் அசைந்தது. ஒன்று, இரண்டு, எடுத்துவிட்டார். எடுத்ததைப் பாத்திரத்தின் அடியில் செங்கல் வைப்பது போல மாற்றி மாற்றி வைத்தார். வடிகட்டிய தயிரில் க்ரீமையும் கண்டென்ஸ்டு மில்க்கையும் விட்டு, ஒரே பக்கமாகக் கலக்கினார். அதைப் பிஸ்கட்டின் மேல் பரப்பிவிட்டுப் பழைய கருவிப் பெட்டியிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து வந்தார். வெந்நீரில் கழுவித் துடைத்து, நாலு மூலையிலும் நடுவிலும் குத்தி அளந்தார். ஒரு மூலையில் மட்டும் கரண்டியின் பின்பக்கத்தால் லேசாகத் தள்ளினார்.

"அடுத்ததையும் ஊத்த வேண்டியதுதானே?" என்றாள் அவள்.

"இருபது நிமிஷம் ஃப்ரிட்ஜுல இருக்கணும். இது இறுகாம அடுத்த அடுக்கு போட்டா ரெண்டும் கலந்துடும்."

அந்த இருபது நிமிடமும் டாக்டர் அறைக்கு வெளியே காத்திருப்பவர் மாதிரி ஃப்ரிட்ஜுக்கு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து அன்னாசியைச் சின்னச் சின்னதாக நறுக்கி, அடுப்பைப் பற்றவைத்தார்.

"அடுப்பே வேண்டாம்னீங்க?"

"இதுக்கும், கடைசியில கூழை இறுக வெக்கற சைனா கிராஸுக்கும் மட்டும்தான். ரெண்டு நிமிஷம் கொதிக்கணும். அன்னாசியைப் பச்சையா போட்டா க்ரீம் கசந்துடும்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கரண்டி ஒரு கணம் நின்றது. "கேள்விப்பட்டேன்."

கேள்விப்பட்ட கை இப்படி இருக்காது. அவர் திராட்சையை நீளவாக்கில் பிளந்து, வெட்டுப்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி கண்ணாடிச் சுவரோரமாக ஒட்டவைத்தார். ஒவ்வொரு பழத்துண்டையும் சுத்தமான துணியில் ஒற்றி ஈரம் போக்கினார். ஈரம் இருந்தால் மறுநாள் தண்ணீர் விட்டுவிடும் என்றார். மறுபடி க்ரீம், மறுபடி ஸ்கேல், மறுபடி இருபது நிமிடம். கடைசியில் மாம்பழக் கூழில் கரைத்த சைனா கிராஸை விட்டு, ஆறவிட்டு, நேராக ஊற்றாமல் ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் மேல் ஊற்றி வழியவிட்டார். க்ரீமில் ஒரு குழிகூட விழவில்லை.

ஒவ்வொரு அடுக்கிலும் அவளுக்கு இன்னொரு கை தெரிந்தது. இவர் தோளுக்குப் பக்கத்தில் நின்று, இப்படி இல்லை, அப்படி என்று சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுக்கிற கை. எங்கே நின்று சொல்லிக் கொடுத்திருப்பாள்? எந்தச் சமையலறையில்? அந்த நீலக் கதவுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறதா?

மிச்சமிருந்ததை ஒரு கிண்ணத்தில் போட்டு அவளிடம் நீட்டினார். "எப்படி இருக்குன்னு பாரு."

வாயில் போட்டாள். ஜில்லென்று, புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தொண்டையில் இறங்கியது. நாக்குக்கு ரோஷமே கிடையாது.

"இனிப்பு பத்தலை" என்றாள்.

"பழத்துலயே இனிப்பு இருக்கு. அதனால க்ரீமைக் கம்மியாத்தான் வெக்கணும். மூணாவது வாய்க்கு அப்புறமும் திகட்டக் கூடாது."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு எது தன் கணவருடைய வாக்கியம், எது இன்னொருவருடைய வாக்கியம் என்று தெரியும். இது இன்னொருவருடையது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுப் பின்கட்டில் நிழலுக்குத் துணி கட்டியிருந்தார்கள். இருபது பேருக்கு மேல் இருக்கும். பிள்ளைகள் தண்ணீர்க் குழாயைப் பிடித்து ஒருவரை ஒருவர் நனைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பனிக்கட்டி போட்ட பெட்டிக்குள் பாத்திரத்தை வைத்து, பஸ்ஸில் வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டே வந்து, நேராக அண்ணன் வீட்டு ஃப்ரிட்ஜில் கொண்டுபோய் வைத்தார். அண்ணி அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஏதாவது தெரிஞ்சுதா?"

அவள் வியாழக்கிழமை பார்த்ததைச் சொன்னாள்.

அண்ணி கதவு இடுக்கு வழியாக வெளியே பார்த்தாள். "நான் ஒண்ணும் சொல்லலை, பாப்பா. ஆனா வீட்டுல வெச்சுக் கேட்டா மழுப்பிடுவாங்க. இங்க, நாலு பேர் முன்னாடி கேட்டுடு. உங்க அண்ணன் இருக்கார், பயப்படாதே."

சாப்பாடு முடிந்தது. அவர் பாத்திரத்தை வெளியே எடுத்து வந்தார். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் முக்கித் துடைத்தார். சதுரம் சதுரமாக எழுந்து வந்த துண்டுகளில் அடுக்குகள் கோடு கிழித்த மாதிரி இருந்தன. கொஞ்ச நேரம் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அண்ணன் மூன்றாவது துண்டுக்குத் தட்டை நீட்டினார்.

"பாப்பா, நீ இவ்வளவு நல்லா செய்வேன்னு தெரியாதே."

"நான் செய்யலை. உங்க மாப்பிள்ளை செஞ்சது."

எல்லாரும் சிரித்தார்கள். "மைக்ரானா?" என்றார் அண்ணன். "லேத்துல மாட்டிக் கடைஞ்சியாய்யா?"

அவரும் சிரித்தார். கத்தியைத் துடைத்து ஓரமாக வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "மச்சான், உங்ககிட்ட ஒரு விஷயம்..."

அண்ணி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வை முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டது போல இருந்தது.

"முதல்ல இதை யாரு சொல்லிக் குடுத்தான்னு கேளுங்கண்ணா" என்றாள் அவள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "மீசையை யாருக்காக எடுத்தாருன்னு கேளுங்க. வியாழக்கிழமை காலையில ஒரு நீலக் கதவுகிட்ட நின்னுக்கிட்டு இவர் இடுப்புல கை வெச்சாளே, அவ யாருன்னும் கேளுங்க."

கரண்டிச் சத்தம் நின்றது. பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். குழாய்த் தண்ணீர் மட்டும் தன்பாட்டுக்கு மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் முகத்தில் முதலில் வந்தது திகைப்பு. பிறகு அது மெல்ல வடிந்து, வேறொன்று தங்கியது. அது குற்றவாளியின் முகமாக இல்லை.

"நீ அங்க வந்திருந்தியா?"

"வந்தேன்."

தலையை ஆட்டிக்கொண்டார். அவளிடம் பேசாமல் அண்ணனிடம் திரும்பினார்.

"பட்டறையை மூடி ஏழு மாசம் ஆச்சு, மச்சான்."

"என்னது?"

"முதலாளி மிஷினையெல்லாம் வித்துட்டு ஊரைப் பாக்கப் போயிட்டார். ஒரு மாசம் சாப்பாட்டு டப்பாவோட பூங்காவுல உக்காந்திருந்தேன். லேத்துக்கு எங்கேயும் ஆள் வேண்டாம்னுட்டாங்க. அப்புறம் ஒரு கேட்டரிங் கம்பெனியில பழம் நறுக்க ஆள் கேட்டாங்க, சேந்துட்டேன். இப்போ அங்க குளிர் சமையலறையில இருக்கேன். இது மாதிரி ஒரு நாளைக்கு முப்பது தட்டு போடறோம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்தப் பொண்ணு எனக்கு மேலதிகாரி. என் மகளைவிட ஒரு வயசு சின்னவ. லேத்துல நின்னு நின்னு எனக்கு வலது தோள் பின்னாடி திரும்பாது. அதனால ஏப்ரன் நாடாவை அவ கட்டி விடுவா. மீசை அங்க கூடாது. புதுசா சட்டம் போட்டாங்க, எடுத்துட்டேன்."

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "என்கிட்ட ஏன் சொல்லலை?"

"இரும்பு வெண்ணெய் மாதிரி வழியும்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தீங்க. அதே வாயால 'பழம் நறுக்கறவன்'னு சொல்லிக் கேக்க வேண்டாம்னுதான்."

அண்ணன் கரண்டியை எடுத்து, தட்டில் இருந்ததை ஒரு துளி விடாமல் வழித்துச் சாப்பிட்டார். காலித் தட்டை நீட்டி, "இன்னொண்ணு இருக்கா, மாப்பிள்ளை?" என்றார்.

அண்ணி தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனாள். தண்ணீர் வரவே இல்லை.

அவள் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தலையில் இருந்த பாறை இறங்கியது மாதிரி முதலில் ஒரு நிம்மதி. அது முழுதாக இறங்குவதற்குள் வெட்கம் வந்து பிடுங்கித் தின்றது. அதற்குப் பின்னால், அவளே எதிர்பார்க்காமல், கோபம் வந்தது. ஏழு மாதம். இல்லாத ஒரு பட்டறைக்கு அவள் ஏழு மாதம் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து சாப்பாடு கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. இருவருக்கும் நடுவில் காலிப் பெட்டி இருந்தது.

"எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும் நானே சொல்லிடலாம்னுதான் செஞ்சு எடுத்துட்டு வந்தேன்" என்றார் அவர். "நல்லாருக்குன்னு நாலு பேர் சொன்ன பிறகு சொன்னா, கொஞ்சம் சுலபமா இருக்கும்னு நெனச்சேன்."

"வாயைத் தொறந்தீங்க. நான்தான் விடலை."

"என்னைப் பின்னாடியே வந்து பாத்திருக்கே."

"ஏழு மாசம் பொய் சொல்லியிருக்கீங்க. பம்பு ஷாஃப்ட் அளவுக்கு வரலைன்னு சொன்னீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மாடி வீட்டுக்காரருக்கு வேலை போனப்போ நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் வந்தது. வேலை இல்லாத ஆம்பிளையும் உடைஞ்ச நாற்காலியும் ஒண்ணு, வீட்டுல வெச்சுக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது என்று சொன்னாள். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நான் தமாஷுக்குச் சொன்னேன்."

"நானும் சிரிச்சேன். அதுக்கு அடுத்த மாசம்தான் பட்டறையை மூடினாங்க."

இரண்டு நிறுத்தங்கள் கடந்தன. மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. அவரும் கேட்கிற மாதிரி தெரியவில்லை.

"அந்தப் பொண்ணு நல்லா சொல்லிக் குடுப்பாளா?" என்று கேட்டாள்.

"நல்லா திட்டுவா. முதல் வாரம் நான் போட்ட எட்டு தட்டையும் குப்பையில கொட்டச் சொல்லிட்டா. அடுக்கு கோணலா இருக்காம்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முப்பது வருஷத்துல என் வேலையைப் பாத்து கோணல்னு சொன்ன முதல் ஆள் அவதான். மறுநாள் வீட்டுல இருந்து ஸ்கேலை எடுத்துட்டுப் போனேன். இப்போ அங்க எல்லாருமே ஸ்கேல் வெச்சுதான் அளக்கறாங்க."

அவர் சொன்னதை அவள் நம்பினாள். முழுக்க நம்பினாள் என்று சொன்னால் அது பொய். சந்தேகம் வீட்டுக்குள் வருவதற்கு ஒரு நொடி போதும். வெளியே போவதற்கு அது அவசரப்படாது. அதனால் அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் அவள் மறுபடியும் அந்தச் சந்துக்குப் போனாள். இந்தத் தடவை ஒளியவில்லை. நீலக் கதவைத் தட்டினாள்.

அந்தப் பெண்தான் திறந்தாள். வெள்ளைக் கோட்டு, தலையில் ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த நீலத் தொப்பி. அந்தத் தொப்பியைப் பார்த்ததும் அவளுக்கு மேற்கொண்டு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. தான் யார் என்று சொன்னாள்.

"வாங்க ஆன்ட்டி. அங்கிள் உள்ள இருக்கார், கூப்பிடவா?"

"வேண்டாம். வேலையைக் கெடுக்க வேண்டாம்."

"அப்போ இப்படி வாங்க." அந்தப் பெண் அவளை இன்னொரு கதவுக்கு அழைத்துப் போனாள். அதில் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது. "உள்ள ரொம்பக் குளிரும், வெளிய நின்னே பாருங்க. போன வாரம் ஒரு தட்டைத் திருப்பிக் குடுத்துட்டார், தெரியுமா? நான் சரின்னு சொன்னதை, இல்லை ரெண்டு மில்லிமீட்டர் தூக்கலா இருக்குன்னு சொல்லி. எனக்கே கோபம் வந்துடுச்சு. அளந்து பாத்தா ரெண்டு மில்லிமீட்டர் தூக்கல்தான்."

அந்தப் பெண் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நீளமான ஸ்டீல் மேசையைச் சுற்றி ஆறு பேர். எல்லாரும் இளசுகள், கடைசியில் இவர். நீலத் தொப்பி காதை மறைத்திருந்தது. வரிசையாக வைத்த தட்டுகளின் மேல் குனிந்து, ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு தட்டு முடிந்ததும் அடுத்தது. தலை நிமிரவே இல்லை. அவர் லேத்தில் நின்று வேலை செய்வதை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. கண்ணாடியில் ஆவி படியும்போதெல்லாம் முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் நின்றாள். வந்ததாக அவரிடம் சொல்ல வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். பிறகு, சொன்னால் சொல்லட்டும் என்று விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

அன்று சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்தார். "இன்னைக்கு என்ன வேலை?" என்று கேட்டாள். அன்னாசி லோடு தாமதமாக வந்தது, புதுப் பையன் க்ரீமை அடித்து வெண்ணெயாக்கிவிட்டான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்டதற்கு மேலேயே சொன்னார். "நீ வந்திருந்தேன்னு சொன்னாங்க" என்று கடைசியில் சொன்னார். அவள் ஆமாம் என்றாள்.

சனிக்கிழமை காலை அண்ணி போன் செய்தாள்.

"பாப்பா, அடுத்த வாரம் எங்க வீட்டுக்கு ஒரு பதினஞ்சு பேர் வர்றாங்க. இந்த வெயிலுக்கு உன் வீட்டுக்காரர் செஞ்ச அந்தப் பழ அடுக்கு இருந்தா நல்லா இருக்கும்னு பாக்கறேன். உங்க அண்ணனும் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சுட்டார், என் மாப்பிள்ளை கை பட்டா அப்படின்னு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே பாப்பா, உன் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லைன்னு."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, ஒரு நிமிடம் அதையே பார்த்தாள். சொல்வதற்கு நிறைய இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்து, "என்னங்க, அண்ணி பேசறாங்க. உங்களுக்குத்தான்" என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள்.